பெயர் சொல்லிக் கூப்பிடாத தெரு

ஒரு பிடி மண் எடுத்து வருவதற்காகத்தான் பரிபூரணத்தம்மாள் பாரிசுக்குப் போனாள்.

காரைக்கால் கல்லறைத் தோட்டத்தில், மேற்குச் சுவரோரம், அவள் மகள் பிலோமின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ஒரு கல்லறை கட்டி, கறுப்புக் கல்லில் அப்பாவின் பெயரை வெட்டி, பக்கத்தில் அம்மாவின் பெயருக்கு இடமும் விட்டு வைத்திருந்தாள். உள்ளே வைக்கத்தான் ஒன்றும் இல்லை. அப்பா பாரிசிலேயே இறந்து, பாரிசிலேயே அடக்கமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது.

"வெறும் கல்லறைக்கு மெழுகுவத்தி ஏத்துறது எனக்கே ஒரு மாதிரியா இருக்கும்மா. அப்பா குழியிலேர்ந்து ஒரு பிடி மண்ணு எடுத்துட்டு வா. அதை வச்சு மூடிட்டா அவரே வந்து படுத்த மாதிரி" என்று பிலோமின் சொல்லி அனுப்பினாள்.

பரிபூரணமும் பழைய பட்டுச் சேலையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துச் சின்னப் பை தைத்து, பெட்டியில் சேலைகளுக்கு நடுவே பத்திரமாய் வைத்தாள். கூடவே ஒரு பொட்டலம் சுண்ணாம்பும் அதை அடிக்க ஒரு மட்டையும் வைத்தாள். அவள் போய்ச் சேருவது கல்லறைத் திருநாளை ஒட்டி. அன்றைக்குக் கழுவி வெள்ளையடித்து, சாமந்தி போட்டு, சாம்பிராணி காட்டாத கல்லறையை அவள் ஊரில் அநாதைக் கல்லறை என்பார்கள்.

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்த மகன் கபிரியேல் அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டான்.

"வெள்ளைப் பொடியக் கட்டி எடுத்துட்டு வந்திருக்கியேம்மா. பிரிச்சுப் பாத்திருந்தா ஒன்னை உள்ள வச்சிருப்பான்."

"சுண்ணாம்பு தெரியாத மனுசன் உண்டாடா?"

"இங்க உண்டு."

அவர், அதாவது பரிபூரணத்தின் வீட்டுக்காரர். அவருடைய பெயரைப் பரிபூரணம் வாழ்நாளில் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. கோயிலில் பூசைக்கு எழுதிக் கொடுக்கும்போதுகூட "கபிரியேல் அப்பா ஆத்துமாவுக்கு" என்றுதான் சொல்வாள். எழுதுகிற உபதேசியார் சிரித்துக்கொண்டே பெயரைத் தானாகப் போட்டுக்கொள்வார். அவள் சொல்லாத பெயரை இந்தக் கதையும் சொல்லாமலே போகட்டும். கல்யாணமான ஈரம் காயுமுன் பிரான்சுக்குப் போனவர், அங்கே ஒரு ரயில் நிலையத்தில் பார்சல் தூக்கும் வேலையில் சேர்ந்தவர், ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் லீவில் வந்து, ஒரு லீவில் பிள்ளை பிறந்ததைக் கேள்விப்பட்டு வந்து, அடுத்த லீவில் அது நடப்பதைப் பார்த்து, அதற்கடுத்த லீவில் அது தன்னைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளிவதைப் பார்த்து, இப்படியே லீவு லீவாய்த் தலை நரைத்தவர். கபிரியேலுக்குப் பிரான்சு வரக் காகிதங்கள் சரியான வருஷம், அவன் விமானம் ஏறுவதற்கு முந்தின குளிர்காலத்தில், நெஞ்சு வலித்து இறந்துபோனார். கூட வேலை பார்த்தவர்கள் அடக்கம் பண்ணினார்கள். தகப்பனும் மகனும் ஒரே ஊரில் சேர்ந்தாற்போல் இருந்த நாளெல்லாம் ஒன்றாய்க் கூட்டினாலும் ஒரு முழு வருஷம் தேறாது.

கல்லறைத் திருநாளன்று மகன் அவளை அழைத்துப் போன தோட்டம் காரைக்கால் ஊரில் பாதி அளவு இருந்தது. எல்லாம் பளபளக்கும் கல். வெள்ளையடிக்க ஒரு சுவர்கூட இல்லை. அவள் பூத்தொட்டி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள். கபிரியேல் நின்ற இடத்தில் வேறு யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மாளின் பெயர் இருந்தது. அவன் அந்த வரிசையில் முன்னும் பின்னும் நடந்து, சாவிக்கொத்து வைத்திருந்த காவலரைக் கூட்டிவந்து, அவரோடு வெகுநேரம் பேசினான். பேசப்பேச அவன் முகம் இறங்கிக்கொண்டே வந்தது.

"என்னடா சொல்றாரு?"

"இங்க சும்மா குடுக்குற குழி கொஞ்ச வருஷத்துக்குத்தானாம்மா. அப்பறம் வேணும்னா கேட்டு வாங்கி வச்சுக்கணுமாம். நான் வீடு மாறிட்டேன், தகவல் வரல. எனக்குத் தெரியாதும்மா."

"அப்ப, அவரு?"

கபிரியேல் தோட்டத்தின் கோடியிலிருந்த இரும்புக் கதவைக் காட்டினான். அதற்குப் பின்னால் ஒரு பெரிய அறை இருந்தது. கேட்க ஆளில்லாத எல்லாருடைய எலும்பும் அதற்குள் ஒன்றாய் இருந்தது.

பரிபூரணம் மகனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். அவள் அந்தக் கதவுக்கு முன்னால் முட்டிபோட்டு, ஒரு பத்து மணி ஜெபமாலை சொல்லி, சிலுவை போட்டு எழுந்து, கீழே பார்த்தாள். சிமெண்டுத் தரை. ஒரு பிடி அல்ல, ஒரு சிட்டிகை மண் எடுக்கவும் வழியில்லை.

கபிரியேல் அலுவலகத்தில் இன்னும் ஒருதடவை கேட்டுப் பார்க்கிறேன் என்று போனான். வாசலில் நில்லு என்று அம்மாவிடம் சொன்னான். அந்தத் தோட்டத்துக்கு இரண்டு வாசல் உண்டு என்பது பரிபூரணத்துக்குத் தெரியாது. அவள் வேறு வாசலில் நின்றாள். நின்று நின்று கால் வலித்ததும் சுவரை ஒட்டி மெல்ல நடந்தாள். சுவர் முடிந்த இடத்தில் ஒரு கல் படிக்கட்டு மேலே ஏறியது. மேலே போனால் மகன் கண்ணில் படுவான் என்று ஏறினாள்.

ஏற ஏறக் காரின் சத்தம் கணுக்காலளவு ஆகி, பஸ்ஸின் சத்தம் தரையோடு தரையாய்ப் படுத்து, கடைசிப் படியில் கால் வைத்தபோது ஒன்றுமே இல்லை. அவளுடைய மூச்சு அவளுக்குக் கேட்டது. எதிரே கல் பாவிய ஒரு தெரு, அதன் இரண்டு பக்கமும் குட்டிக்குட்டி வீடுகள், ஒவ்வொரு வீட்டு முன்னும் ஒரு கைக்குட்டை விரிக்கிற அளவு தோட்டம், மதில்மேல் கொடி, கொடிக்குள் ஒரு பூனை, ஜன்னல் கம்பியில் காய்கிற ஒரு குழந்தையின் சட்டை. உலகத்தின் பெரிய ஊர்களில் ஒன்றின் நட்டநடுவில் இருக்கிறோம் என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கமாட்டாள். ஆட்கள் இருந்தார்கள். ஒருத்தி தன் பிள்ளையைக் கூப்பிடக் கைதட்டினாள். இரண்டே தட்டு, மெத்தென்று. தபால்காரர் ஒரு வீட்டுக் கதவை நகத்தால் சுரண்டினார். ஒரு கிழவர் எதிர்வீட்டுக் கிழவரைக் கூப்பிட ஒரு சின்னக் கல்லை உருட்டிவிட்டார். வாயைத் திறந்து பெயர் சொல்லி யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

அந்த நேரத்தில் மேகம் விலகி ஐப்பசி மாதத்துச் சாய்ந்த வெயில் தெருவில் விழுந்தது. எதிரே இருந்த மஞ்சள் சுவரில், ஆளே இல்லாமல், ஒரு நிழல் நடந்து வந்தது. இடது தோள் கொஞ்சம் இறங்கி, கையில் மடக்கிய குடையோடு, அவசரமில்லாமல் வந்தது. சுவரின் நடுவில் நின்று குடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டது. பார்சல் தூக்கித் தூக்கி இறங்கிய தோள் அது. லீவு முடிந்து புறப்படும்போதெல்லாம் பின்னாலிருந்து அவள் பார்த்துக்கொண்டே நின்ற தோள்.

"என்னாங்க," என்றாள் பரிபூரணம்.

நிழல் நின்றது. தலையைத் திருப்பியது.

அந்தச் சுவர் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் ஓடிவந்தாள். ஐம்பது வயசிருக்கும், ஏப்ரனில் மாவு ஒட்டியிருந்தது. உதட்டில் விரலை வைத்துக்கொண்டே வந்தவள், சேலையைப் பார்த்ததும் தமிழில் தணிந்து பேசினாள்.

"அம்மா, பெயரைச் சொல்லிப்போடாதேங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்."

"நான் பேரு சொல்லலையே. நாங்க சொல்றதில்ல."

"நீங்கள் ஆர்?"

"அவரு என் வீட்டுக்காரரு."

அந்தப் பெண் சுவரைப் பார்த்தாள், பரிபூரணத்தைப் பார்த்தாள். பிறகு பூத்தொட்டியை அவள் கையிலிருந்து வாங்கி, "உள்ளுக்க வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்" என்றாள். யாழ்ப்பாணத்துக்காரி, பெயர் தவமலர், அந்த மஞ்சள் சுவர் வீட்டுக்காரியான மதாம் ஒதில் என்ற வயசான அம்மாளுக்குச் சமைத்துப்போட்டு அங்கேயே இருக்கிறவள்.

தேநீர் குடித்துக்கொண்டே அவள் சொன்னதுதான் அந்தத் தெருவின் கதை. அங்கே வெகுகாலம் இருந்து இறந்துபோனவர்களில் சிலருடைய நிழல் சுவரைவிட்டுப் போவதில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. மழை ஏன் பெய்கிறது என்று கேட்டா குடை பிடிக்கிறோம் என்றாள் தவமலர். மூலை வீட்டு மாடியில் தையல்காரி ஒருத்தியின் நிழல் இன்னும் ஊசிக்கு நூல் கோக்கிறது. கீழே ஒரு நாயின் நிழல் இருக்கிறது. நிஜ நாய்கள் அதனோடு சண்டைக்குப் போவதில்லை. வெயில் வந்தால் அவர்களும் வருவார்கள், மேகம் மூடினால் அன்றைக்கு அவர்களுக்கு லீவு. சுவருக்கு வண்ணம் அடிக்கிறவர்கள் அவர்கள் கடந்து போகும்வரை மட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் நடக்கிற பாதையில் யாரும் கொடி படரவிடுவதில்லை, சைக்கிள் சாத்துவதில்லை. நற்கருணைச் சுற்றுப்பிரகாரம் வந்தால்கூடச் சாமியார் எதிர்ச்சாரியிலேயே நடந்துபோவார். ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. இறந்தவருக்குச் சொந்தமான யாராவது வந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், நிழல் சுவரிலிருந்து இறங்கி அவர்கள் காலடியோடு போய்விடும், பிறகு வராது. போர்த்துகல்லிலிருந்து ஒரு தம்பி வந்து அக்காளை அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனான். அந்தச் சுவர் ஒரு மாசம்வரை ஐஸ் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. ஒரு பெயரே இரண்டு பேருக்கு இருப்பதுண்டு, கூப்பிடுகிற குரலும் சில சமயம் ஒன்றுபோல் இருப்பதுண்டு. அதனால்தான் அந்தத் தெருவில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அதனால்தான் அங்கே அவ்வளவு அமைதி.

"உங்கட அவருக்கு நாங்கள் குடைக்காரர் எண்டுதான் சொல்லுறது. இந்த வீட்டு மேல்மாடியில சின்ன அறையில இருந்தவர். நான் வரேக்க அவர் இல்லை, நிழல்தான். ஆனா மதாமுக்கு நல்லாத் தெரியும்."

பரிபூரணம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். அது பாவம் தீரும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் காத்துக் கிடக்கிற ஆத்துமாவாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். பிறகு, வேலை முடிந்து குடையோடு வீட்டுக்கு வருகிற மனுசனுக்கு உத்தரிப்பு என்ன இருக்கிறது என்று நினைத்து, அந்த யோசனையை விட்டுவிட்டாள்.

கபிரியேல் போன்மேல் போன் போட்டு, தேடிக்கொண்டு, படியேறி மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். அவனுக்கும் தவமலர் சொன்னாள். அவன் தெருவுக்கு வந்து, சுவருக்கு எதிரேயிருந்த பெஞ்சின் அந்தப்பக்கம், கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு தள்ளியே நின்றான்.

"ஒல்லியாயிட்டாரு," என்றான் கடைசியில்.

"நிழலு சாயங்காலத்துல அப்படித்தான் நீளும். கிட்டப் போய்ப் பாரேன்."

"இருக்கட்டும்மா." நாற்பது வயசாகிவிட்டது. சின்ன வயசில் அப்பாவைக் கண்டு ஒளிந்த அந்தக் கதவு இன்னும் அவனுக்குத் தேவைப்பட்டது.

அன்று வீட்டுக்கு வந்ததும் காரைக்காலுக்கு வீடியோவில் பேசினார்கள். பிலோமின் எல்லாவற்றையும் கேட்டாள். மண் இல்லை என்றதும் அழுதாள். நிழல் இருக்கிறது என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப மண்ணு என்னாத்துக்கு? அவரையே கூட்டிட்டு வந்துடும்மா. கல்லறையில வெயில் நல்லா அடிக்குது."

"பேரச் சொல்லணுமாமே."

"சொல்லேன். இந்தக் காலத்துல யாரு பாக்குறா? அவளவ புருசனை வாடா போடாங்குறா."

"எனக்கு வாயி வராதுடி."

"அண்ணன் சொல்லட்டும். இல்லாட்டி நாளைக்கு அந்தத் தெருவுல நின்னு போனைப் போடு, ஸ்பீக்கர்ல நானே சொல்றேன். எங்க அப்பாதானே, எனக்கில்லாத உரிமையா."

"இங்க இருக்குறவரைக்கும் ஒனக்கு வீட்லேர்ந்துதான் போன் போடுவேன்," என்றாள் பரிபூரணம்.

ஆனாலும் பிலோமின் சொன்னது சரி என்றுதான் அவளுக்கும் பட்டது. வந்தது அவரைக் கொண்டுபோகத்தான். ஒரு பிடி மண்ணுக்குப் பதிலாக முழு மனுசனே கிடைத்திருக்கிறார். வாழ்ந்த காலத்தில் லீவுக்கு வந்தவர் இனி லீவு முடியாமல் தன் பக்கத்திலேயே இருப்பார். காலையில் அவள் கோயிலுக்குப் போகும்போது காலடியிலேயே வருவார், மத்தியானம் கிணற்றடியில் குறுகிப்போய் நிற்பார், ஒருநாள் அவளும் போய்ப் பக்கத்தில் படுத்துக்கொள்வாள். இதைவிட ஒரு பெண்பிள்ளை மாதாவிடம் என்ன கேட்டுவிட முடியும்? ஊருக்குப் புறப்படும் நாளுக்கு முந்தின நாள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று முடிவு பண்ணினாள். அதுவரைக்கும் மதியம் தோறும் அந்தப் பெஞ்சில் போய் உட்காருவது என்றும் முடிவு பண்ணினாள், அவருக்கும் கொஞ்சம் பழகட்டும், தனக்கும் பழகட்டும் என்று.

அப்படியே போய் உட்கார்ந்தாள். சுவரில் அவர் வருவார், குடையை மாற்றுவார், அவள் உட்கார்ந்த பெஞ்சின் நிழல் சுவரில் விழுகிற இடம்வரை வந்து, அதன் விளிம்பில் உட்கார்ந்துகொள்வார். அவள் ஊர்க்கதை சொல்வாள். டிரங்கால் போட்டுக் கத்திப் பேசின காலத்தில் சொல்ல முடியாமல் போனது, லீவில் வந்தபோது ஆட்கள் வந்துபோனதில் விட்டுப்போனது, எல்லாவற்றையும் ஜெபமாலை மணி மாதிரி ஒவ்வொன்றாய் உருட்டினாள்: பிலோமினுக்கு அம்மை போட்டது, வேப்பமரம் விழுந்து சமையலறை ஓடு உடைந்தது, அவர் அனுப்பிய கம்பளியைக் காரைக்கால் வெயிலில் என்ன செய்வது என்று தெரியாமல் பாலுக்கு உறையூற்றிய பானையைச் சுற்றிப் பொதிந்து வைத்தது. நிழலின் தோள் ஒருதரம் குலுங்கியது. சிரித்தாரோ என்னவோ.

தெருக்காரர்கள் அவளைப் பழகிக்கொண்டார்கள். ரொட்டிக்கடைக்காரி அவளுக்கு என்று ஒரு ரொட்டியைக் கருகவிடாமல் எடுத்து வைத்தாள். மதாம் ஒதில் மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து பெஞ்சில் போட்டுவிட்டு, அவளோடு பேசாமல் உள்ளே போய்விடுவாள். முதுகு வளைந்த, கண் நீலமான, ரொம்பவும் வயசான அம்மாள்.

"கோவமா அவுங்களுக்கு?" என்று பரிபூரணம் கேட்டாள்.

"கோவமில்லை, பயம். எப்ப கூட்டிக்கொண்டு போகப் போறீங்கள் எண்டு ஒவ்வொரு நாளும் என்னட்டைக் கேக்கிறா."

ஒருநாள் அந்த அம்மாளே வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள். தவமலர் தமிழில் சொன்னாள். உன் புருஷன் அதிகம் பேசமாட்டார். பனி விழுகிற காலத்தில் நாங்கள் எழுந்திருக்கும்முன் எல்லார் வீட்டுப் படியிலும் பனியைத் தள்ளிவிட்டு வேலைக்குப் போய்விடுவார். யார் செய்தது என்று ரொம்ப வருஷம் எங்களுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்தபோது தினமும் மாலையில் வந்து அவரைத் தூக்கிப் புரட்டிப் படுக்கவைப்பார். பார்சல் தூக்கும் கை, நோகாமல் தூக்கத் தெரியும். நெஞ்சு வலித்த அன்றைக்கு அவர் இந்தப் பெஞ்சில் இருந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். உன் பெயரைத்தான் சொன்னார்.

இதைக் கேட்டபின் பரிபூரணம் வெகுநேரம் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் அவளைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது ஒரே ஒரு கேள்வி: கடைசியில் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க ஆள் இருந்திருக்குமா? கேட்காமலே பதில் வந்துவிட்டது. அவள் மதாம் ஒதிலின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த அம்மாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கபிரியேல் மாலைதோறும் வேலை முடித்து அம்மாவைக் கூட்டிப்போக வருவான். முதலில் படிக்கட்டு முனையில் நின்று கைதட்டுவான். பிறகு தவமலர் வீட்டு வாசல்வரை வந்தான். பிறகு பெஞ்சுக்குப் பின்னால் வந்து நின்று, போனைப் பார்க்கிற மாதிரி சுவரைப் பார்த்தான். ஒருநாள் பரிபூரணம் தவமலரோடு உள்ளே தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். சுவரைவிட முன்தள்ளியிருந்த சமையலறையின் பக்க ஜன்னல்வழியே பார்த்தபோது மகன் பெஞ்சில் தனியே உட்கார்ந்திருந்தான். சுவரில் அவன் நிழலும் அவர் நிழலும் ஒரு கை அகலம் விட்டு உட்கார்ந்திருந்தன. கபிரியேலின் உதடு அசைந்தது. என்ன சொல்கிறான் என்று கேட்கவில்லை. கையை மட்டும் பார்த்தாள். ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி காட்டினான், எதையோ தள்ளுகிற மாதிரி காட்டினான், தலையைச் சொறிந்தான். வேலையிடத்துச் சங்கடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். அந்த நிழல் குடையை இரண்டு முட்டிக்கும் நடுவே ஊன்றி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

தோசை கருகியது. தவமலர்தான் வந்து திருப்பிப் போட்டாள்.

"என்னம்மா பார்க்கிறீங்கள்?"

"ஒண்ணுமில்ல," என்றாள் பரிபூரணம். "அவன் பிறந்ததுலேர்ந்து இதை நான் பாத்ததில்ல."

அன்றைக்கு அவள் ஜெபமாலையை எடுத்தாள், சொல்ல வரவில்லை. மணியைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். மாதாவே, நீயே சொல்லு, நான் கேட்டுக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

புறப்பாட்டுக்கு முந்தின நாள் வெயில் நன்றாக இருந்தது. ஆளைக் கூட்டிப்போகிற நாளில் அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு அவரவர் வாசலில் வந்து நிற்பார்கள், ஆண்கள் தொப்பியைக் கழற்றிக்கொள்வார்கள், பூனைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவார்கள். அப்படி நின்றார்கள். ரொட்டிக்கடைக்காரி மாவுக் கையோடு நின்றாள். தபால்காரர் பையை இறக்கிவைத்துவிட்டு நின்றார். மதாம் ஒதில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தன் சுவரைப் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கபிரியேல் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றான். ஒன்றும் சொல்லிவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது அவன் தாடையில் தெரிந்தது.

நிழல் வந்தது. சுவரின் நடுவில் நின்று, குடையை மறுகைக்கு மாற்றியது. பரிபூரணம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிட்டப் போனாள். அந்தப் பெயர் அவள் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. கல்யாணத்தன்று சாமியார் சொல்லக் கேட்டபோது வெட்கத்தோடு விழுங்கின பெயர், அன்றையிலிருந்து வயிற்றிலேயே கிடந்து, வேகவைத்த கிழங்குபோல் மெத்தென்று ஆகிவிட்ட பெயர். சொன்னால் இறங்கி வந்துவிடுவார். வந்துவிடுவார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வந்தால் அவள் காலடியில் காரைக்காலுக்குப் போவார். மகன் இங்கே இருப்பான். மறுபடியும் தகப்பன் ஒரு தேசம், பிள்ளை ஒரு தேசம்.

அவள் திரும்பி மகனைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்து, லீவு முடிந்த ஒவ்வொரு தடவையும் தெருமுனையில் நின்று சொல்வதைச் சொன்னாள்.

"போயிட்டு வாங்க."

தெருவில் ஒருவரும் அசையவில்லை. தவமலர்தான் மெல்லக் கிட்ட வந்து, "அது பெயரில்லையே அம்மா," என்றாள்.

"இல்ல."

"கூட்டிக்கொண்டு போகேல்லையோ?"

"பிள்ளைங்களுக்காகத்தான் அன்னைக்கும் அனுப்பினேன்," என்றாள் பரிபூரணம். "இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும். இவனுக்கு இன்னும் பேசி முடியல."

தவமலர் அதை அந்தத் தெருவின் பாஷையில் சொன்னாள். யாரும் கைதட்டவில்லை, யாரும் அழவில்லை. ஆண்கள் தொப்பியை மாட்டிக்கொண்டார்கள், பூனைகள் வெளியே வந்தன, ரொட்டிக்கடைக்காரி அடுப்பைப் பார்க்க ஓடினாள். மதாம் ஒதில் உள்ளே போய் ஒரு பெரிய பாத்திரத்தில் சூப் வைத்து, எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். கபிரியேல் குனிந்து அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டான். ரயிலில் அவள் கையைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தான். அவன் கை அப்படியே அவர் கை.

காரைக்காலில் பிலோமின் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கறிக்குழம்பைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு, "பாத்திரத்தைக் கழுவி வை" என்று மட்டும் சொல்லிப் போவாள். ஒருநாள் தாங்கமாட்டாமல் கேட்டுவிட்டாள்.

"எனக்கு மட்டும் அப்பா வேணாமா?"

மகள் கேட்டது நியாயம் என்று பரிபூரணத்துக்குத் தெரியும். மகளின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். அவள் சாயமாட்டேன் என்று கொஞ்சநேரம் விறைத்துக்கொண்டிருந்துவிட்டுச் சாய்ந்தாள். மேற்குச் சுவரோரக் கல்லறை உள்ளே ஒன்றுமில்லாமலே இருந்தது. பரிபூரணம் சனிக்கிழமைதோறும் போய் அதைக் கழுவிவிட்டு வந்தாள். வேறு எங்கும் அவளுக்குப் போக இடமில்லை. கணவனை வேறு தேசத்தில் விட்டுவிட்டு, சாயங்காலம் ஒற்றை ஆளாய் விளக்கேற்றுவது அவளுக்குப் பழகின வேலைதான். ஆனாலும் இந்தத் தடவை கொஞ்சம் கனமாக இருந்தது, லீவு என்று ஒன்று இனி இல்லாததால்.

முன்பெல்லாம் மாசத்துக்கு ஒருதரம் பேசி, மாத்திரை போட்டியா என்று கேட்டு வைத்துவிடுகிற கபிரியேல், இப்போது ஞாயிறுதோறும் கூப்பிட்டான். பரிபூரணம் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பிலோமினையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வாள்.

"இன்னைக்குப் போனியா?"

"போனேன். நாலு நாளா மேகம். இன்னைக்குத்தான் வெயில் வந்துச்சு."

"அவரு?"

"வந்தாரு. ரொம்ப நேரம் இருந்தாரு. அம்மா, எனக்கு எடம் விட்டுத் தள்ளி உக்காந்தாரு. தங்கச்சிகிட்டச் சொல்லு, அடுத்த வருஷம் அவளைக் கூட்டிட்டு வர ஏற்பாடு பண்றேன். அவரு இன்னும் கொஞ்சம் தள்ளி உக்காருவாருன்னு நெனைக்கிறேன்."

பிலோமின் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பரிபூரணம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் மகன் "அம்மா, இருக்கியா?" என்றான்.

"இருக்கேன்டா," என்றாள் அவள். "சாயங்காலமாயிட்டா அங்க குளிரும். குல்லாவப் போட்டுக்கிட்டு உக்காரு."